பொருத்துகளில் பிசகிய ராக்கெட்டுகள்

2022 ஏப்ரலில் ஆந்திர அரசு தன் மாவட்டங்களைப் புதிதாகப் பிரித்தபோது, நெல்லூர் மாவட்டத்தில் இருந்த சூளூர்ப்பேட்டையும் அதற்குக் கிழக்கே பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவும் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தன. சித்தூர் மாவட்டத்தின் மறுகோடியில், தமிழக, கர்நாடக எல்லைகளுக்கு அருகே இருக்கும் சாந்திபுரம், குப்பம் வட்டாரத்துக்கு ராக்கெட் ஏவுதளம் இப்போது பக்கத்து மாவட்டத்துச் சமாசாரம். எல்லைக்கோடு நகர்ந்ததால் வரலாறு நகர்ந்துவிடாது என்றாலும், இந்த வட்டாரத்தில் எந்திரத் தொழிலின் கடந்த காலத்தை எழுதுகிறவர் இனிமேல் ஸ்ரீஹரிகோட்டாவை விட்டுவிட்டு எழுத முடியாது. அதிலும் ரோபோ வடிவமைப்பைப் பற்றிப் பேசுகிறவர் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ரோபோ என்றதும் கார் தொழிற்சாலையில் வெல்டிங் செய்யும் இரும்புக் கை நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் சூழலை உணர்ந்து, தானே முடிவெடுத்து, அந்த முடிவின்படி இயங்கும் எந்திரத்தைத்தான் ரோபோ என்கிறோம் என்றால், நொடிக்குள் பலமுறை தன் சாய்வை அளந்து தன் போக்கைத் தானே திருத்திக்கொள்ளும் ராக்கெட்டும் அந்த இனம்தான். வழியில் நிறுத்தி ஆணியை முடுக்க முடியாத ரோபோ.

ரோபோ செய்கிறவர்கள் இன்று ஒரு முறையை வெகுவாகப் பாராட்டுகிறார்கள். தகடு வெட்டுவதற்கு முன்பே, மோட்டார், உணர்விகள், மென்பொருள், சக்கரம் உருளும் தரை எல்லாவற்றையும் ஒரே கணினி மாதிரிக்குள் சேர்த்து, முழு எந்திரத்தையும் கணினியிலேயே ஓட விட்டுப் பார்ப்பது. பொறியாளர்கள் இதைச் சிமுலேஷன் என்பார்கள்; கணினி ஒத்திகை என்று வைத்துக்கொள்ளலாம். இதனால் மாதிரி எந்திரங்கள் செய்யும் செலவு குறைகிறது, தொடக்கநிலை வடிவமைப்பு விரைகிறது என்பது விற்கிறவர்களின் வாதம். ஸ்ரீஹரிகோட்டாவின் ஐம்பது ஆண்டு அனுபவம் இந்த வாதத்தை மறுக்கவில்லை. ஆனால் காரணம் வேறு என்கிறது. அங்கே கடலில் விழுந்த ராக்கெட்டுகளில் சில, தனித்தனி உறுப்பு கெட்டதால் விழவில்லை. நன்றாக இருந்த ஓர் உறுப்பும் நன்றாக இருந்த இன்னோர் உறுப்பும் சேரும் பொருத்தில் பிசகின. உறுப்புகளைத் தனித்தனியே எத்தனை முறை சோதித்தாலும் பொருத்தின் பிசகு தெரியாது. முழுமையை ஒருசேர வைத்துப் பார்க்கும் ஒத்திகை ஒன்றுதான் அதை வடிவமைப்பு இன்னும் காகிதத்தில் இருக்கும்போதே காட்டும். மிச்சமாகும் காலம் அங்கிருந்து வருகிறது.

தொடக்கத்தில் இந்தத் தேவையே பெரிதாக இல்லை. 1971 அக்டோபர் 9 அன்று ரோகிணி-125 என்ற சிறு ஆய்வு ராக்கெட்டுடன் ஏவுதளம் இயங்கத் தொடங்கியது. அதற்குச் சிந்திக்கும் வேலை எதுவும் கிடையாது. விட்ட திசையில் போய் விழும். அடுத்து வந்த எஸ்எல்வி-3 பெரிய பாய்ச்சல்: 22 மீட்டர் உயரம், 17 டன் எடை, 40 கிலோ செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விடும் திறன். ஆனாலும் அது பாதி ரோபோதான். எந்த நொடியில் எவ்வளவு சாய வேண்டும் என்ற அட்டவணையை முன்கூட்டியே எழுதி அதன் நினைவில் ஏற்றியிருந்தார்கள். பாதை விலகினால் புதுப் பாதை கணக்கிடும் ஏற்பாடு அதில் இல்லை. 1979 ஆகஸ்ட் 10 அன்று அதன் முதல் பயணம் தோற்றது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு சரியாக மூடாமல் நைட்ரிக் அமிலம் கசிந்துபோனதால், அந்தக் கட்டம் கட்டுப்பாடிழந்தது. அன்று கவுன்ட்டவுன் நடந்துகொண்டிருந்தபோது கணினி ஏவுதலை நிறுத்தியதையும், போதுமான எரிபொருள் இருப்பு இருக்கிறது என்ற நிபுணர்களின் பேச்சை நம்பிக் கணினியை மீறித் தானே ஏவ முடிவெடுத்ததையும் திட்ட இயக்குநர் அப்துல் கலாம் பின்னாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். 1980 ஜூலை 18 அன்று இரண்டாவது எஸ்எல்வி-3 ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. இந்தத் தோல்வியை என் வாதத்துக்குச் சாட்சியாக இழுக்கக் கூடாது. சரியாக மூடாத வால்வு உறுப்பின் கோளாறு. வடிவமைப்பு நாளில் நடத்தும் எந்த ஒத்திகையும் அதைப் பிடித்திருக்காது.

வாதம் வலுப்பெறுவது அடுத்த ராக்கெட்டான ஏஎஸ்எல்வியில். 40 கிலோவிலிருந்து 150 கிலோவுக்குப் போக வேண்டும். கைவசம் இருப்பது எஸ்எல்வியின் திட எரிபொருள் மோட்டார்கள். அவற்றில் இரண்டைப் பக்கவாட்டில் கட்டி, அவை எரிந்து முடியும்போது நடு மோட்டார் பற்ற வேண்டும் என்று வடிவமைத்தார்கள். காகிதத்தில் சிக்கனமான ஏற்பாடு. போகிற போக்கில் தன் பாதையைத் தானே கணக்கிட்டுத் திருத்தும் மூடிய வளைய வழிகாட்டலும் இதில்தான் வந்தது. முழு ரோபோ என்று சொல்லத்தக்க முதல் இந்திய ராக்கெட் இதுவே. 1987 மார்ச் 24 அன்று முதல் ஏஎஸ்எல்வியில் பக்க மோட்டார்கள் எரிந்து முடிந்தன, நடு மோட்டார் பற்றவில்லை. 1988 ஜூலை 13 அன்று இரண்டாவதில் நடு மோட்டார் பற்றியது. ஆனால் பக்க மோட்டார்களின் உந்துதல் ஓய்ந்ததற்கும் நடு மோட்டார் பொறுப்பை ஏற்றதற்கும் இடையே ராக்கெட்டைப் பிடித்து நிறுத்த ஆளில்லாத ஒரு சிறு இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளி வாய்த்த இடமும் மோசம். காற்றின் அழுத்தம் ராக்கெட்டின் மேல் உச்சத்தில் இருக்கும் உயரம் அது. ராக்கெட் சாய்ந்தது, உடைந்தது. மோட்டார்கள் தங்கள் வேலையைச் செய்தன, கட்டுப்பாட்டு முறையும் தனக்குச் சொன்னதைச் செய்தது. ஒன்று கைவிட்ட கணத்துக்கும் இன்னொன்று கைப்பற்றிய கணத்துக்கும் நடுவில்தான் ராக்கெட் போனது. ஆகவே திருத்தமும் பொருத்தில்தான் நடந்தது. நடு மோட்டாரைக் கடிகாரம் பார்த்துப் பற்றவைப்பதை விட்டு, பக்க மோட்டார்களின் உந்துதல் சரிவதை ராக்கெட்டே உணர்ந்து அந்த நொடியில் பற்றவைக்கும்படி மாற்றினார்கள். நிலைத்தன்மைக்காகச் சிறகுகளைச் சேர்த்தார்கள். காற்றழுத்தம் குறையும்படி பாதையையும் மாற்றினார்கள். 1992 மே 20 அன்று மூன்றாவது ஏஎஸ்எல்வி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது.

நடந்து முடிந்த பிறகு புத்தி சொல்வது எளிது என்பார்கள். அந்த இடைவெளியைக் கணினி ஒத்திகை முன்கூட்டியே காட்டியிருக்கும் என்று இன்று எப்படிச் சொல்ல முடியும்? நியாயமான கேள்வி. பக்க மோட்டாரின் உந்துதல் எப்படி ஓயும், எவ்வளவு சிதறலோடு ஓயும் என்ற அளவீடு மாதிரிக்குள் இல்லாவிட்டால் எந்த மாதிரியும் அதைச் சொல்லாது. ஆனால் தோல்விக்குப் பிறகு நடந்த ஆய்வு புதிய இயற்பியல் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மோட்டார் ஓய்வதன் சிதறல் மோட்டார்க்காரர்களுக்குத் தெரிந்தது. உச்ச அழுத்தம் வரும் உயரம் காற்றியல்காரர்களுக்குத் தெரிந்தது. கட்டுப்பாடு எவ்வளவு நேரம் இல்லாமல் தாங்கும் என்பது கட்டுப்பாட்டுக்காரர்களுக்குத் தெரிந்தது. மூன்றையும் ஒரே கணக்கில், மூன்றிலும் மிக மோசமான மதிப்பை வைத்து ஓட்டிப் பார்த்திருந்தால் பிசகு வெளிப்பட வழி இருந்தது. முழு எந்திரத்துக்கு மாதிரி கட்டுவதன் பாதிப் பயன் கணினியில் இல்லை. தனித்தனி அறைகளில் உட்கார்ந்திருக்கும் துறைகள் தங்கள் எண்களை ஒரே மேசைமேல் கொண்டுவந்து வைக்க வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறது.

முழு மாதிரி இருந்தாலும் போதாது என்பதை அடுத்த ராக்கெட் காட்டியது. 1993 செப்டம்பர் 20 அன்று முதல் பிஎஸ்எல்வி 846 கிலோ எடையுள்ள ஐஆர்எஸ்-1இ செயற்கைக்கோளுடன் கிளம்பியது. எரிந்து முடிந்த இரண்டாம் கட்டத்தைப் பின்னால் இழுக்க வேண்டிய சிறு ராக்கெட்டுகளில் சில இயங்கவில்லை; பிரியும்போது ராக்கெட் உலுக்கப்பட்டது. அதைச் சமாளிக்கக் கட்டுப்பாட்டு மென்பொருள் பிறப்பித்த கட்டளையின் அளவு, அதற்கென்று விதித்திருந்த உச்ச வரம்பைத் தாண்டியது. எண் அதற்கு ஒதுக்கிய இடத்தில் கொள்ளாமல் வழிந்ததால் திருத்தம் தவறாகிப்போய், செயற்கைக்கோளோடு ராக்கெட் வங்கக்கடலில் விழுந்தது. வரம்புக்குள் நடக்கும் பயணத்தில் அந்த மென்பொருள் பிழை ஒருநாளும் தலைகாட்டியிருக்காது. எல்லாம் ஒழுங்காக நடக்கும் ஒத்திகைகளை ஆயிரம் முறை ஓட்டினாலும் அது ஒளிந்தே இருந்திருக்கும். இந்தியா பின்தங்கிய நாடு, அதனால் நேர்ந்தது என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் முதல் ஏரியன்-5 கிளம்பி ஒரு நிமிடம் நிறைவதற்குள் சிதறியதற்கும் காரணம் ஓர் எண் தன் இடத்தில் கொள்ளாமல் வழிந்ததுதான். ஏரியன்-4இல் பல ஆண்டுகள் ஒழுங்காக ஓடிய, சாய்வை அளக்கும் கருவியின் மென்பொருளை, வேறு பாதையில் பறக்கும் புது ராக்கெட்டில் அப்படியே ஏற்றியிருந்தார்கள். அந்தக் கருவியைச் சேர்த்துப் புதுப் பாதையை முழுமையாக ஒத்திகை பார்த்திருந்தால் பிழை தெரிந்திருக்கும் என்று விசாரணைக் குழு எழுதியது. நன்றாகத் தெரிந்த கருவி என்பதால் அதை மாதிரியிலிருந்து விட்டுவிட்டார்கள்.

1993க்குப் பிறகு மீண்டது வியக்கத்தக்க வேகம். 1994 அக்டோபர் 15 அன்று, பதின்மூன்றே மாதங்களில், இரண்டாவது பிஎஸ்எல்வி வெற்றி பெற்றது. ஏஎஸ்எல்வியின் இரண்டாம் தோல்வியிலிருந்து மூன்றாம் பயணத்துக்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த வித்தியாசம் முழுவதையும் சிமுலேஷன் கணக்கில் எழுதினால் அது மிகை. ஏஎஸ்எல்வியில் உடலையே மாற்ற வேண்டியிருந்தது. பிஎஸ்எல்வியில் பெரும்பகுதி மென்பொருள் திருத்தம். ஆனால் மென்பொருளைத் திருத்தியபின் அது சரிதான் என்று எப்படி நம்பினார்கள் என்று கேட்டால் ஒத்திகையின் பங்கு தெரியும். திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் மையத்தில் அது படிப்படியாக நடக்கிறது: பறக்கப்போகும் மென்பொருளை முதலில் கணினி மாதிரிக்கு எதிரே ஓட்டுவது, பிறகு ராக்கெட்டில் ஏறப்போகும் அதே கணினியில் ஓட்டுவது, பிறகு உணர்விகளை இணைப்பது, கடைசியில் முனைக்குழாயை அசைக்கும் நிஜக் கருவிகளையே வளையத்துக்குள் கொண்டுவருவது. ஒவ்வொரு படியிலும் மாதிரியின் ஒரு துண்டு விலகி அந்த இடத்தில் நிஜம் வந்து உட்காருகிறது. காகிதத்து ராக்கெட் இப்படித்தான் மெல்ல மெல்ல இரும்பாகிறது.

எதிர்வாதங்களில் வலுவானது சந்திரயான்-2. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2019 ஜூலை 22 அன்று கிளம்பிய அந்தக் கலத்தின் விக்ரம் லேண்டர், மனிதர் கை படாமல் தானே இறங்க வேண்டிய அசல் ரோபோ. ஒத்திகைக்குக் குறைவில்லாத காலத்தில் செய்யப்பட்டது. செப்டம்பர் 7 அதிகாலை அது நிலவில் மோதியது. முதல் கட்ட இறக்கத்தில் வேகம் நொடிக்கு 1,683 மீட்டரிலிருந்து 146 மீட்டராகத் திட்டப்படி குறைந்தது. அடுத்த கட்டத்தில் வடிவமைத்ததைவிட அதிகமாகக் குறைந்துவிட்டது என்று நாடாளுமன்றத்தில் அரசு பதில் சொன்னது. இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத் 2023இல் விளக்கியபோது படம் தெளிவானது. ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக உந்தின. பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. அவற்றைச் சரிசெய்ய லேண்டர் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது, ஆனால் திரும்பும் வேகத்துக்கு மென்பொருளில் வரம்பு இருந்தது. இறங்க வேண்டிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர் சதுரம். வேகத்தையும் குறைக்க வேண்டும், அந்தச் சதுரத்தையும் எட்ட வேண்டும் என்று இரண்டு கட்டளைகள் ஒன்றையொன்று இழுத்தன. ஒத்திகை செய்தும் விழுந்தது என்றால் ஒத்திகையால் என்ன லாபம் என்று கேட்கலாம். எனக்குப் படுவது வேறு. 1993இல் வரம்பு மீறிய கட்டளையும் 2019இல் வரம்பில் முட்டிய திரும்பலும் ஒரே குடும்பம். இரண்டிலும் மாதிரி பொய் சொல்லவில்லை. அது எவ்வளவு தூரம் வரை கெட்டுப்போக அனுமதிக்கப்பட்டது என்பதில்தான் கஞ்சத்தனம் இருந்தது. எது வெற்றி தரும் என்பதிலிருந்து சந்திரயான்-2ஐ வடிவமைத்தோம், எதெது தோற்கும் என்பதிலிருந்து சந்திரயான்-3ஐ வடிவமைத்தோம் என்ற பொருள்பட சோமநாத் சொன்னதும் இதைத்தான் காட்டுகிறது.

விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3இல் எஞ்சின் நான்கானது. கால்கள் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் மோதினாலும் தாங்கும்படி உறுதியாயின. வேகத்தை நேரடியாக அளக்கும் லேசர் கருவி சேர்ந்தது. இறங்கும் பரப்பு 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரிந்தது. ஆனால் கணினி மாதிரியை யார் நம்புவது என்ற சந்தேகத்துக்குக் கணினிக்கு வெளியேதான் பதில் கிடைத்தது. உணர்விகளை ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுச் சோதித்தார்கள். எஞ்சினை எரியவிட்டு லேண்டரை உயரமான கிரேனில் கட்டிச் சோதித்தார்கள். கால்களை நிலவு மண் போன்ற மண்ணில் இறக்கினார்கள். அந்த மண்ணுக்கான கதை நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. நிலவின் மேட்டுநிலப் பாறையான அனார்த்தோசைட் வகை சித்தம்பூண்டி, குன்னமலை பக்கத்தில் கிடைக்கிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் துணையோடு அதை வாங்கி அரைத்துத்தான் இஸ்ரோ நிலவு மண் செய்தது. மாதிரிக்குள் இடும் எண் எவ்வளவு கெட்டியோ அவ்வளவுதான் மாதிரியும் கெட்டி. அந்த எண்ணை எங்கோ ஓரிடத்தில் அளந்துதான் ஆக வேண்டும். ராக்கெட்டுக்கும் இதே விதிதான். ஏவும் நாளன்று பலூன் விட்டு மேல்காற்றை அளந்து, அந்தக் காற்றுக்கு ஏற்பச் சாய்வு அட்டவணையைத் திருத்துகிறார்கள். திருப்பதிக்கு மேற்கே காதங்கியில் 1990களிலிருந்து மேல்வளி மண்டலத்தை ரேடாரால் அளந்துவரும் ஆய்வகத்தைப் பார்த்து, ராக்கெட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் ஏஎஸ்எல்வி உடைந்த உயரத்தை நினைத்துக்கொண்டால் போதும். 2023 ஆகஸ்ட் 23 மாலை விக்ரம் நிலவில் இறங்கியது. நான்கு நாள் கழித்து, பிரக்ஞான் ரோவர் தனக்கு மூன்று மீட்டர் முன்னால் நான்கு மீட்டர் அகலப் பள்ளம் இருப்பதைக் கண்டது. வந்த வழியே திரும்பச் சொன்னார்கள், திரும்பியது.

இவ்வளவு ஒத்திகை எதற்கு, கட்டி ஏவி உடைத்துக் கற்றுக்கொள்வதுதானே வேகம் என்று ஸ்பேஸ்எக்ஸைக் காட்டி வாதிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் முற்றிலும் தவறல்ல. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஏதோ ஒரு தொழிற்கூடத்துக்குப் பெட்டி சுமக்கும் சக்கர ரோபோ செய்கிறவர், முழு மாதிரி கட்டுவதில் மூன்று மாதம் செலவழிப்பதைவிட மூன்று வண்டி செய்து சுவரில் மோதவிட்டுப் பார்ப்பது மலிவு. ஆனால் எஸ்எல்வி-3 மொத்தம் பறந்ததே நான்கு முறை. ஏஎஸ்எல்வியும் நான்கே முறை. நான்கு சோதனையில் தொழிலைக் கற்க வேண்டிய நாட்டுக்கு, ஐந்தாவது முதல் ஆயிரமாவது வரையிலான சோதனைகள் கணினியில்தான் நடக்க முடியும். உடைத்துக் கற்கும் நிறுவனங்களும் உடைந்ததிலிருந்து கிடைத்த எண்களை மாதிரியில்தான் ஏற்றுகின்றன என்பதை இந்த வாதம் சொல்ல மறந்துவிடுகிறது.

ஒத்திகை காலத்தை மிச்சப்படுத்துமா என்ற கேள்விக்கு அண்மைக்காலச் சாட்சி ஸ்பேடெக்ஸ். 2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன பிஎஸ்எல்வி-சி60, தலா 220 கிலோ எடையில் இரண்டு செயற்கைக்கோள்களைக் கொண்டுபோனது. இரண்டும் ஒன்றையொன்று தேடி வந்து இணைய வேண்டும். ராக்கெட்டின் எஞ்சிய நான்காம் கட்டத்தில் திருவனந்தபுரத்தின் ஜடத்துவ அமைப்புகள் பிரிவு செய்த, ஏழு மூட்டுகள் கொண்ட நடக்கும் கையும் போயிற்று. பெயரிலேயே ரோபோ என்று இருந்த சரக்கு. இணைப்புக்குக் குறித்த நாள் 2025 ஜனவரி 7. அதற்கு முந்தைய நாளே தள்ளிவைத்தார்கள்: பாதியில் கைவிட வேண்டிவரும் ஒரு நிலைமை தெரியவந்தது, அதைத் தரையில் சிமுலேஷன் வழியே மேலும் உறுதிசெய்ய வேண்டும் என்றது இஸ்ரோ. மறுபடி ஒரு தள்ளிவைப்பு. 12ஆம் தேதி மூன்று மீட்டர் வரை நெருங்கவிட்டுப் பின்வாங்கவைத்து, கிடைத்த தரவை அலசி, 16ஆம் தேதி இணைத்தார்கள். சிமுலேஷன் ஒன்பது நாளைத் தின்றது என்றும் சொல்லலாம். மோதியிருந்தால் போயிருக்கக்கூடிய ஆண்டுகளை எதிர்ப்பக்கத்தில் எழுதினால் கணக்கு வேறாகும். 1979இல் கணினி நிறுத்தியதை மனிதர்கள் மீறினார்கள். 2025இல் மனிதர்களே நிறுத்திவிட்டுக் கணினியிடம் போனார்கள்.

ஒரு குறை இன்னும் தீரவில்லை. ஏரியன்-5 சிதறி ஏறத்தாழ ஏழு வாரத்தில் விசாரணை அறிக்கை உலகத்தின் முன் வைக்கப்பட்டது. மென்பொருள் கற்கும் மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். சந்திரயான்-2 பற்றி நமக்குக் கிடைத்தது நாடாளுமன்றப் பதிலும் தலைவரின் பேச்சுகளும்தான்; ஆய்வுக் குழுவின் முழு அறிக்கை பொதுவெளிக்கு வரவில்லை. ரகசியம் காக்க வேண்டிய பகுதிகள் இருக்கலாம். அவற்றை அடித்துவிட்டு மிச்சத்தைத் தரலாம். திருப்பதி ஐஐடியிலோ குப்பத்துப் பொறியியல் கல்லூரியிலோ ரோபோ வடிவமைக்கும் மாணவர், தன் மாதிரியை எவ்வளவு தூரம் கெடவிட்டுப் பார்க்க வேண்டும் என்பதை, தன் வட்டாரத்து ஏவுதளத்தின் தோல்விகளிலிருந்து கற்றுக்கொள்ள வழியில்லாமல், ஐரோப்பாவின் தோல்வியைப் படித்துக் கற்றுக்கொண்டிருக்கிறார்.